சத்து மாத்திரை

கை கால் மூட்டு வலிக்குப் போடுற மாத்திரையில வலிப்பு வருமாக்கா? நீங்க எங்கனயாச்சும் கேள்விப்பட்டிருக்கீகளா? வருமாம். நானாச் சொல்லலை, படிச்ச டாக்டரம்மா சொன்னாக.

கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்து உக்காருங்க, அங்கன வெயில் அடிக்கும். பை இருக்கட்டும், நான் மடியிலயே வச்சுக்கிறேன். நான் ஆண்டிபட்டியில எறங்கணும். நீங்க தேனியா? அப்பச் சரி, பேசிக்கிட்டே போகலாம். வாய மூடிக்கிட்டு வந்தேன்னா கண்டதும் நெனப்புல வருது. அதுக்குப் பேச்சே தேவலை.

எம்மகள ஆண்டிபட்டியிலதான் குடுத்திருக்கேன். வினோதினின்னு பேரு. ஒத்தப் பொண்ணு. நமக்கு ராஜபாளையம். அவ அப்பா மில்லுல இருக்காரு, நான் வீட்டுல நைட்டி தைக்கிறேன். மாப்ள அழகுராஜா பால் வண்டி ஓட்டுறாரு. வீட்டுலயும் கறவை மாடு நிக்குது. மாமனார் இல்ல, மாமியாக்காரி மட்டுந்தான். வீரலட்சுமின்னு பேரு, நான் மதினின்னுதான் கூப்புடுவேன். தங்கமான மனுசி. இப்ப அவுகளத்தான் குத்தம் சொல்லப் போறேன், இருந்தாலும் தங்கமான மனுசிங்கிறத மொதல்லயே சொல்லிருறேன். நாக்குல பொய் வரக் கூடாது பாருங்க.

போன மழைக்கு அவுக தெருவே படுத்துப் போச்சு. சிக்கன்குனியா. காய்ச்சல் என்னமோ வந்த வழியில போயிருச்சு, மூட்டு வலிதான் போவேனாங்குது. வினோவுக்கு ரெண்டு மணிக்கட்டும் பன்னு மாதிரி வீங்கி, விரலு மடங்கல. மாட்டுக் காம்பப் பிடிக்க முடியல. தலையச் சீவ முடியல. அவ மாமியாதான் சடை போட்டு விட்டிருக்காக. போன்ல சொல்லி அழுகுறா, "அம்மா, அத்தை எனக்குச் சேலை கட்டி விடுறாகம்மா"ன்னு.

மதினி ஏற்கெனவே முழங்கால் தேஞ்சு போன ஆளு. ஒரு மூட்டு டாக்டர்கிட்ட வருசக்கணக்காப் பாக்குறாக. அவருன்னா அவுகளுக்குச் சாமி மாதிரி. ஒரு நா விடியவும், "வா தாயி, எங்க டாக்டர்கிட்ட உன்னையக் காட்டிட்டு வந்துருவோம்"னு கூட்டிட்டுப் போயிட்டாக. பாசந்தான், இல்லேங்கல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல? பெத்தவ நானு எதுக்கு இருக்கேன்?

அந்த டாக்டர் கையப் புடிச்சுப் பாத்துட்டு, "வேற ஏதாச்சும் நோய் இருக்காம்மா, வேற மாத்திரை ஏதும் சாப்புடுறியா"ன்னு கேட்டுருக்காரு. கேக்கத்தான் செஞ்சாரு. இவ வாயத் தொறக்குறதுக்குள்ள மதினியே சொல்லிட்டாக: "ஒரு நோயும் கெடையாது சார், தலைவலி கூட வந்ததில்ல. ரத்தம் கம்மின்னு சத்து மாத்திரை மட்டும் போடுவா." இவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. அவரும் எழுதிக் குடுத்துட்டாரு. அந்தப் பிள்ளைய ஒரு நிமிசம் தனியா வச்சுக் கேட்டாத்தான் என்ன? கேக்க மாட்டாக. வெளிய அம்புட்டுக் கூட்டம்.

மாத்திரை நல்ல மாத்திரைதான்க்கா, அதையும் சொல்லணும். போட்ட மறுநாளே விரலு மடங்கிருச்சு. மாடு பீச்சிட்டேன்னு எனக்குப் போனு. அப்புறம் ஒரு நா காலையில தொழுவத்துல பால் பீச்சிக்கிட்டு இருந்தவ அப்படியே சரிஞ்சுட்டா. கை கால் வெட்டி வெட்டி இழுத்துருக்கு. வாயில நொரை. மாடு மிதிச்சுறாம மாப்ள இழுத்துப் போட்டாராம். மதினி ஓடி வந்து இடுப்புல இருந்த சாவிக்கொத்த அவ கையில குடுத்து அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, நொரையத் தன் முந்தானையில தொடச்சுருக்காக. நெலைக்கு வரவும், பீத்துணியாப் போனதையெல்லாம் அவுகளே அலசிப் போட்டுருக்காக. இம்புட்டும் மாப்ள சொன்னது.

நான் போய்ச் சேரும்போது ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருந்தாக. ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. கண்ணாடி போட்ட பிள்ள. அது என்னைத் தனியாக் கூப்புட்டுச்சு. "அம்மா, இந்த வலி மாத்திரை சில பேருக்கு வலிப்ப இழுத்து விட்டுரும். அதுலயும் முன்னாடியே வலிப்பு இருக்குறவுகளுக்குக் குடுக்கவே யோசிப்போம். உங்க பொண்ணுக்கு இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் வந்திருக்கா?"ன்னு கேட்டுச்சு.

இல்லேன்னேன்.

தனியாத்தான் கூப்புட்டுச்சு. ஆனா கதவு தொறந்துல்ல கெடந்துச்சு, வாசல்ல மாப்ள நிக்கிறாரு. என்னன்னு சொல்லச் சொல்றீக?

"அப்ப அந்த மாத்திரையாத்தான் இருக்கும், உறுதியாச் சொல்ல முடியாது, ஆனா இருக்கலாம். அத நிப்பாட்டிருங்க, இப்போதைக்கு வலிப்புக்குன்னு மருந்து ஒண்ணும் வேணாம், திரும்ப வந்தாப் பாப்போம்"னுச்சு. எனக்கு உசிரு வந்துச்சுக்கா. கோயில்ல வரம் வாங்குன மாதிரி இருந்துச்சு. வெளிய வந்து, ஆளு இருக்காக இல்லேன்னு கூடப் பாக்காம, மதினியப் புடிச்சுக்கிட்டேன். "நல்லா இருந்த பிள்ளைய உங்க மூட்டு மாத்திரையக் குடுத்து இப்படிப் பண்ணிட்டீகளே, எம்பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"ன்னு ஒரு பிடி பிடிச்சேன். அந்த மனுசி ஒரு வார்த்தை எதுத்துப் பேசலைக்கா. ஆஸ்பத்திரின்னு கூடப் பாக்காம எங்கால்ல விழுக வந்துட்டாக. "நாந்தேன் பாவி மதினி, நாந்தேன் கூட்டிட்டுப் போனேன்"னு மாருல அடிச்சுக்கிட்டு அழுதாக.

எனக்குக் கொஞ்சம் சந்தோசமாத்தான் இருந்துச்சு. பொண்ணக் குடுத்த நாளுலருந்து தலையக் குனிஞ்சே நிக்கிறவளுக்கு, ஒரு நா நிமிந்து நிக்கக் குடுத்து வச்சுச்சு. இது தப்பாக்கா?

என்ன கேட்டீக? நிப்பாட்டினதும் சரியாப் போச்சான்னா?

அங்கனதான் கெணறு வெட்டப் பூதம் கெளம்புன கதையாப் போச்சு. கிட்ட வாங்க. முன்னாடி உக்காந்திருக்குற ஆளு காது இங்கனதான் இருக்கு. நீங்க யாரோ, நான் யாரோ, தேனியில எறங்கிப் போயிருவீக. அதனால சொல்றேன்.

வினோவுக்கு அது முன்னாடியே உண்டுக்கா. காக்கா வலிப்பு. பன்னெண்டு வயசுல பள்ளிக்கூட மைதானத்துல விழுந்தா. எத்தனை கோயில், எத்தனை கயிறு! கடைசியில மருதையில ஒரு டாக்டர் மாத்திரை குடுத்து, அது சொல்லிவச்ச மாதிரி நின்னு போச்சு. தெனம் விடாமப் போடணும், அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் காலேசு படிச்சா, ஸ்கூட்டி ஓட்டுனா, ஒரு நா வரல. இத ஒரு நோயின்னு பொண்ணு பாக்க வந்தவுககிட்ட சொல்லுவாகளா யாராச்சும்? ஆயிரம் பொய்யச் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு பெரியவுக சொல்லலையா? நான் ஆயிரமா சொன்னேன்? ஒண்ணே ஒண்ணு சொன்னேன்.

அந்தச் சத்து மாத்திரைதான்க்கா இது. மாசா மாசம் நான் வாங்கி, அட்டையக் கிழிச்சு ஒவ்வொண்ணாப் பிதுக்கி, சத்து மாத்திரை டப்பாவுல போட்டுக் கொண்டாந்து குடுப்பேன். டப்பாவுல ஒரு பொம்பளைப் படம் சிரிச்சுக்கிட்டு இருக்கும். மதினி அந்த டப்பாவச் சாமி படத்துக்குக் கீழ வச்சு, தெனம் ராத்திரி சாப்பாடு முடியவும், "தாயி, சத்து மாத்திரை போட்டியா"ன்னு ஞாபகப்படுத்துவாக. எம்பொண்ணு மறந்தாலும் அவுக மறக்க மாட்டாக. இப்படி ஒரு நாளும் தப்பாம ஓடுன வண்டிதான்.

இப்ப என்ன பண்ணிட்டாக தெரியுமா? ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கே வீட்டுல இருந்த மாத்திரை மருந்து அம்புட்டையும் அள்ளிக் கொண்டு போயிக் குப்பைக்குழியில கொட்டிட்டாக. அவுக மூட்டு மாத்திரை, மாப்ளயோட காய்ச்சல் மாத்திரை, அதோட அந்த டப்பாவும். "எம்மருமகள விழுத்தாட்டுன சனியன், இனி எந்த மாத்திரையும் அவ வாயில படக் கூடாது. சத்துக்கு என்ன, முருங்கைக்கீரை இல்லையா, எள்ளுருண்டை இல்லையா, நான் தாரேன்"னுட்டாக. ஆக்கித் தரவும் செய்றாக. அவுகளும் மாத்திரைய நிப்பாட்டிட்டு, செவுத்தப் புடிச்சுப் புடிச்சு நடக்குறாக. நான் கேட்டதுக்கு, "அவளுக்கு ஆகாதது எனக்கு மட்டும் எதுக்கு மதினி"ங்குறாக. மருமகளத் தனியா விடுறதில்ல. படுக்குறதும் அவ பக்கத்துல, குளிக்கப் போனா வாசல்ல காவலு.

திருடனுக்குத் தேள் கொட்டுன மாதிரிங்கிறது இதுதான்க்கா. கத்தவும் முடியல.

நானும் சும்மா இருக்கல. பாக்கப் போறேன்னு போயி, சுருக்குப் பையில மாத்திரைய மடிச்சு வச்சுக்கிட்டு, அடுப்படியில அவ கையில வைக்கப் போனேன். பின்னாடியே வந்து நிக்கிறாக. "என்ன மாத்திரை மதினி அது?" "எனக்குத்தேன் மதினி, சுகரு மாத்திரை"ன்னேன். "அடியாத்தி, உங்களுக்குச் சுகரா, சொல்லவே இல்லையே"ன்னு செம்புத் தண்ணிய மோந்து கையில குடுத்துட்டாக. நின்னு பாக்குறாக. நான் என்ன செய்ய, எம்மக போட வேண்டிய மாத்திரைய நான் முழுங்குனேன். வினோ அம்மிக்கு அந்தப் பக்கம் நின்னு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. அழுதாளா சிரிச்சாளான்னு எனக்கு இன்னமும் வெளங்கல. திரும்பி வர்ற பஸ்ஸுல பொணம் மாதிரி தூங்கி, ராஜபாளையம் ஸ்டாண்டுல கண்டக்டர் தட்டி எழுப்புனாரு. அதுலருந்து எனக்கும் அங்க காபியில சீனி கெடையாது.

போன வாரம் மறுபடியும் வந்துருச்சுக்கா. அடுப்புல பால் காஞ்சுக்கிட்டு இருந்துருக்கு. விழுந்தவ பாத்திரத்தையும் சேத்து இழுத்துக்கிட்டா. முகத்துல படல, அந்த மட்டுக்கும் சாமி இருக்கு. இடது கை தோள்லருந்து முழங்கை வரைக்கும் வெந்து போச்சு.

மதினிக்கு ஒண்ணும் புரியல. "மாத்திரைய நிப்பாட்டி இம்புட்டு நாளாச்சே, அந்த வெசம் இன்னுமா ஒடம்புல நிக்குது"ன்னு, நேராக் கெளம்பிப் போயி அந்த மூட்டு டாக்டர் வாசல்ல மண்ணை வாரித் தூத்திட்டு வந்திருக்காக. சாமின்னு கும்புட்ட வாசல்ல! "ஒரு பொம்பளப் பிள்ளையக் கெடுத்தியே, நீ விளங்குவியா"ன்னு ரோட்டுல நின்னு சாபம். அந்த ஆளு என்ன பண்ணுவாரு பாவம், கதவச் சாத்திட்டாராம்.

எனக்கும் அந்த டாக்டர் மேல கோவந்தேன். ஆனா சாபம் விடுற அளவுக்குன்னா... தெரியலக்கா. மொதல்ல வந்தது மூட்டு மாத்திரையாலயா, ரெண்டாவது வந்தது அவ மாத்திரைய நிப்பாட்டுனதாலயா, இல்ல ரெண்டும் சேந்தா, இல்ல தன்னால வந்துச்சா? ஒரு டாக்டரு மூட்ட மட்டும் பாத்தாரு, ஒரு டாக்டரு தலைய மட்டும் பாத்துச்சு. முழுசா இன்னதுதான்னு சொல்ல ஒருத்தருக்கும் தெரியல. இதுக்கு என்னத்தப் படிச்சாகளோ!

அதுக்குத்தான் இன்னிக்குப் போறேன். அந்தக் கண்ணாடி போட்ட பிள்ள மாப்ளகிட்ட சொல்லிருச்சாம், பொண்ணப் பெத்தவுக வரணும், பொறந்ததுலருந்து விவரம் தெரிஞ்ச ஆளக் கூட்டிட்டு வாங்க, அப்பத்தான் என்ன மருந்துன்னு முடிவு பண்ண முடியும்னு. மத்தியானத்துக்கு மேல போகணும். மதினியும் வருவாக, மாப்ளயும் வருவாரு, எல்லாத்தையும் வச்சுக்கிட்டு அது கேக்கும். என்னத்தச் சொல்றது?

நேத்து வினோ போன் பண்ணா. மெதுவாப் பேசுனா, பக்கத்துல மாமியா இருந்துருப்பாக. "அம்மா, கை எரியுதும்மா. நான் சொல்லிரட்டுமா"ன்னா. "நீ சொன்ன, நான் இங்க நாண்டுக்கிட்டுச் செத்துருவேன்"னேன். அவ போன வைக்கல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. நானும் வைக்காம வச்சுக்கிட்டே இருந்தேன். அவ நல்லதுக்குத்தான சொல்றேன்? எனக்கென்ன, நாளைக்குப் போயிருவேன், அவ வாழணும்ல?

நீங்களும் அதத்தான் சொல்வீகன்னு தெரியும். உண்மையச் சொல்லிருங்க. வாயில சொல்றதுக்கு லேசுதான்.

எங்க தெருவுல ஒருத்தி இருக்கா, தங்கமாரின்னு. அவளுக்கும் இதேதான். அவ அப்பன் பெரிய நியாயஸ்தன், வந்தவுக எல்லாத்துக்கிட்டயும் மொதல்லயே சொல்லிருவான். வந்தவுக கேசரியத் தின்னு, காபியக் குடிச்சு, "ஊருக்குப் போயிச் சொல்லி விடுறோம்"னு போவாக. எல்லாரும் மரியாதையாத்தான் போனாக. ஒருத்தரும் சொல்லி விடல. இப்ப அவளுக்குத் தலை நரைச்சுப் போச்சு. அண்ணன் பிள்ளைகளக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கா.

அவுக நல்லவுகதான, ஏத்துக்கிருவாகளேங்கிறீக. முந்தானையில நொரையத் தொடச்சாகளேங்கிறீக. ஆமா தொடச்சாக. மாத்திரையால வந்துச்சுன்னு தொடச்சாக. முன்னாடியே இருந்த நோயி, மறைச்சுக் கட்டி வச்சுட்டாகன்னு தெரிஞ்சு தொடப்பாகளா? எங்கால்ல விழுக வந்தாகளே, அந்த மனுசிகிட்டப் போயி, நீங்க அழுதது வீணு, நான் நடிச்சேன்னு சொல்லச் சொல்றீகளா? ரோட்டுல போயி மண்ணத் தூத்திட்டு வந்தாகளே, அதுக்கு என்ன பதிலச் சொல்ல?

சரி, அதெல்லாம் விடுங்க. நான் ஒண்ணு கேக்குறேன். உங்களுக்குப் பையன் இருக்கானாக்கா?

ரெண்டு பேரா. மூத்தவனுக்கு ஆயிருச்சு, இளையவனுக்குப் பாக்குறீக. என்ன செய்றாப்ள? நல்லது, நல்லா இருக்கட்டும்.

இப்ப நான் உங்க வீட்டுக்கு வாரேன்னு வச்சுக்கங்க. பொண்ணு டிகிரி படிச்சிருக்கு. லட்சணமா இருப்பா, வீட்டு வேலை, மாட்டு வேலை எல்லாம் செய்வா, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா. ஆனா இப்படி ஒரு நோயி உண்டும்மா, மாத்திரை போட்டா வராதுன்னு ஒண்ணையும் மறைக்காம, நியாயமா உங்ககிட்டச் சொல்லிருறேன். உங்க இளையவனுக்கு எடுப்பீகளா?

ரோட்டப் பாக்காதீகக்கா. எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

சும்மாச் சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

இருக்கட்டும். கண்ணத் தொடைங்க, நீங்க எதுக்கு அழுகுறீக? உங்க மேல ஒண்ணும் தப்பில்ல. நானா இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

ஆண்டிபட்டி வந்துருச்சு. அந்தா, டீக்கடை ஓரத்துல கம்ப ஊண்டிக்கிட்டு நிக்கிறாகல்ல, மஞ்சச் சேலை? அவுகதான் எங்க மதினி. இந்தக் காலு வலியோட என்னையக் கூப்புட வந்து நிக்கிறாக பாருங்க. வர வேணாம்னு சொன்னா கேக்க மாட்டாக. இந்தா, பஸ்ஸுக்குக் கிட்டயே வாராக. சன்னல்கிட்ட வந்து உங்களுக்கும் வணக்கம் சொல்லுவாக, அப்படி ஒரு கொணம். என்ன பேசிக்கிட்டு வந்தீகன்னு கேப்பாகக்கா. விலைவாசியப் பத்திப் பேசுனோம்னு சொல்லிருங்க.